அப்பர் மூழ்கிய பொய்கையும் கோசாயிகுண்டமும்

(கிளென்மார்கனில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழர் கயிலை சென்ற வரலாறு பெரியபுராணத்துள் நால்வரைப் பற்றிக் கூறப்படுகிறது. சமயக்குரவர் நால்வரும் அல்லர். இவர்கள் வேறு நால்வர். காரைக்கால் அம்மையார் சென்றார். இறைவன் எழுந்தருளியுள்ள மலையைக் காலால் மிதித்தல் தகாதென்று தலையால் நடந்து சென்றார். சுந்தரர் வெள்ளை யானைமீது சென்றார். அவர்தம் தோழர் சேரமான் பெருமாள், நண்பர் புறப்பட்டதை அறிந்து குதிரையேறி, அதன் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, விசும்பு வழியே தொடர்ந்தார். எஞ்சியவர் திருநாவுக்கரசர். இந்நால்வருள் எளிய மனிதர் மலையேறும் முறையில், இரண்டு கால்களைக் கொண்டு, தரையில், ஓர் அடிக்குப் பின் மற்றோர் அடியாக எடுத்து வைத்துச் சென்றவர் அவர் ஒருவரே. மலையைச் சென்று சேராதவரும் அவர் ஒருவரே.

இமயத்தின் உயரத்தில் உள்ள புனித ஏரி ஒன்றிற்கு முதன்முறையாக நடந்து செல்ல விரும்பும் தமிழர் எவரும், புறப்படும் முன் அப்பரின் இந்தப் பயணத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தல் நலம். பக்திக்காகப் படிப்போர் ஏற்கெனவே உளர். மலையேற்றத்திற்காகப் படிப்போர் அரியர்.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அப்பர். அவருடைய கயிலைப் பயணத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். காளத்தி மலையில் வழிபட்டபோது அப்பருக்கு வடகயிலையைக் காணும் வேட்கை எழுந்தது. இதே காளத்தியில் ஞானசம்பந்தரும் வழிபட்டார். ஆனால் அவர் அங்கிருந்தபடியே வடபுலத்துத் தலங்களைப் பாடித் தொழுது, தமிழ்நாட்டிற்குத் திரும்பினார். இளம்பிள்ளை திரும்பிவிட்டது, முதியவர் நடந்தார். தெலுங்க நாடும் கன்னட நாடும் மாளவமும் கடந்து வாரணாசியை அடைந்தார். உடன் வந்தோரை அங்கே விடுத்துத் தனியே வடக்கு நோக்கினார். உணவைத் துறந்தார். பகலும் இரவும் ஓயாது நடந்தார்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சேக்கிழார் சற்றும் தயங்காமல் அடுக்கிச் செல்கிறார். பாதங்கள் தேய்ந்தன. கைகளை ஊன்றித் தாவினார். கைகளும் மணிக்கட்டுவரை தேய்ந்தன. மார்பால் உந்திச் சென்றார். மார்பும் நைந்தது, எலும்பு முறிந்தது. புரண்டு புரண்டு சென்றார். இறுதியில் புரளவும் இயலாமல் வழியிலே கிடந்தார். உடல் ஒவ்வோர் உறுப்பாக விடைபெற்றுக்கொண்ட வரிசையை இத்துணைத் துல்லியமாகச் சொன்ன பகுதி தமிழில் அரிது. வீரத்தின் வரிசையாக இதனை வாசிப்பது வழக்கம். மலையேறுவோர் தனித்து, உண்ணாது, ஓய்வின்றி, எல்லை மீறிச் சென்றால் என்ன நேரும் என்பதற்கான அட்டவணையாகவும் இதனை வாசிக்கலாம்.

அவ்விடத்தில்தான் ஏரி வருகிறது. இறைவன் ஒரு பொய்கையை அங்கே உண்டாக்கி, முனிவர் வடிவில் எதிர்ப்படுகிறான். கயிலை தேவர்க்கும் எய்தற்கு அரியது, திரும்பிச் செல்வதே உமக்கு உரிய செயல் என்கிறான். கயிலைநாதனைக் காணாமல், அழியப்போகும் இவ்வுடலோடு மீள்வதில்லை என்பது அப்பரின் மறுமொழி. முனிவர் மறைய, வானிலிருந்து குரல் எழுகிறது. உறுப்புகள் முன்போல் ஆகின்றன. உறுப்புகள் மீண்டும் வந்துவிட்டனவே, இனி நடந்து ஏறட்டும் என்று அக்குரல் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. இப்பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் அக்காட்சியைக் காண்க என்று சொல்கிறது. மூழ்கியவர் காவிரிக் கரையில், திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். களிற்றொடு பிடியும், சேவலொடு பெடையும், இணையிணையாக எதிர்வரும் உயிர்கள் அனைத்திலும் சிவனையும் சத்தியையும் காண்கிறார். அவர் பாடிய அந்தப் பதிகத்தில் பனி இல்லை, பாறை இல்லை. யானையும் கோழியும் குயிலும் உள்ளன.

திரும்பிச் செல்க என்னும் சொல்லை இறைவன் வாயிலேயே வைத்த புராணம் இது. இதனைக் கிளென்மார்கனில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு.

உதகையிலிருந்து பைக்காரா செல்லும் வழியில் பிரியும் இவ்வூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்திற்கு நீரை அனுப்பும் தேக்கம் இங்கேதான் இருக்கிறது. இம்மலை விளிம்பிலிருந்து ராட்சதக் குழாய்கள் வழியே ஏறத்தாழ 3,000 அடி வீழ்ந்து அந்நீர் சிங்காராவில் சக்கரங்களைச் சுழற்றுகிறது. மின்வாரியத்தாரை ஏற்றி இறக்குவதற்கு அச்சரிவிலேயே விஞ்ச் அமைக்கப்பட்டது. ஆகவே 3,000 அடி என்றால் எவ்வளவு என்பதைக் கிளென்மார்கன்வாசிகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. விளிம்பில் நின்று முதுமலைக் காட்டைக் குனிந்து பார்த்தால் போதும்.

இங்கு வாழ்வோரிடையே ஓர் எண்ணம் உண்டு, இயல்பானதே. பிறந்தது முதல் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால்களுக்கு எந்த மலையும் மலையன்று என்பது அது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருவோர் பத்து நிமிடம் ஏறியதும் மூச்சு வாங்குவதைக் கண்டு நகைத்தவர்களுக்கு அவ்வெண்ணம் மேலும் உறுதிப்படும். கால்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. குருதியைப் பொறுத்தவரை உண்மையன்று.

கணக்கு எளியது. காற்றில் உயிர்வளியின் பங்கு எங்கும் 21 விழுக்காடே. உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் அளவு குறைகிறது. கடற்கரையில் உள்ள அழுத்தத்தை 100 எனக் கொண்டால் கிளென்மார்கனில் அது 79 அளவில் இருக்கும். 4,400 மீட்டர் உயரத்தில் 60க்கும் சற்றுக் கீழே போய்விடும். இதனைச் சமையலறையிலும் காணலாம். இங்கே தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகக் காலம் தாழ்க்கும். குக்கர் இல்லாத வீடு இம்மலையில் துன்பப்படும். 4,400 மீட்டரில் அது 85 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் நீரில் பருப்பு வேகாமல் கிடப்பதைப் பார்த்தவுடன், தன் உடலுக்குள்ளும் ஏதோ ஒன்று அவ்வாறே முழுமையாக நிகழவில்லை என்பதைப் புதியவர் உணர்ந்துகொள்ளலாம்.

நீலகிரியில் மிக உயர்ந்த தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னகம் முழுவதிலும் உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். உயர நோய் தலைகாட்டத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 2,500 மீட்டர். அதாவது, தென்னாட்டுச் சிகரங்கள் முடியும் இடத்தில் அந்நோய் தொடங்குகிறது. தமிழில் அதற்கென ஒரு பழஞ்சொல் வழங்காமைக்கு இதுவே காரணமாகலாம். குறிஞ்சித் திணையைப் பாடிய மொழிதான். ஆனால் அக்குறிஞ்சி மூச்சு முட்டாத குறிஞ்சி. நேபாளியில் 'லேக் லாக்யோ' என்பர். உயர்மலை பிடித்துவிட்டது என்பது பொருள். பேய் பிடித்தது, காற்று பட்டது என்று தமிழில் சொல்வது போன்ற வழக்கு. இமயத்தின் வேறு பகுதிகளில் அதனை விஷக்காற்று என்றனர். மலைச்சரிவில் பூக்கும் நச்சுச் செடிகளின் மணமே தலைவலியும் மூச்சுத் திணறலும் தருவதாக நம்பினர்.

அந்த நஞ்சுக் கதையோடு பொருந்துவதுபோல் அமைந்த ஏரிதான் கோசாயிகுண்டம். காத்மாண்டுவிற்கு வடக்கே, லாங்டாங் தேசியப் பூங்காவினுள், 4,380 மீட்டர் உயரத்தில் உள்ளது. பரப்பு 13.8 ஹெக்டேர்; 34 ஏக்கர் என்றால் தோட்டத்தார்க்கு எளிதில் விளங்கும். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் உறைந்து கிடக்கும். பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை உண்ட சிவபெருமான், தொண்டை எரிய இம்மலைக்கு வந்து திரிசூலத்தால் பாறையைக் குத்த, மூன்று ஊற்றுகள் பீறிட்டு ஏரியாயின என்பர். இங்கிருந்து இறங்கும் நீர் சேரும் ஆற்றுக்குத் திரிசூலி என்று பெயர். ஏரி நடுவே நீருக்கடியில் தெரியும் பாறையை, நஞ்சின் வெம்மை தணியச் சாய்ந்து கிடக்கும் நீலகண்டனாகவே அடியார் காண்கின்றனர். பௌத்தரும் இதனைப் புனிதமாகக் கொள்வர்.

மானசரோவர் இருக்கக் கோசாயிகுண்டம் ஏன் என்று கேட்கலாம். 4,590 மீட்டர் உயரத்தில் உள்ள மானசரோவருக்கு இந்திய அரசு வழியாகச் செல்வோர் 18 வயதிற்கும் 70 வயதிற்கும் இடைப்பட்டவராய் இருத்தல் வேண்டும். உயரத்திற்கேற்ற எடை, மருத்துவச் சோதனை, தெரிவு என்று பல வாயில்களைக் கடத்தல் வேண்டும். 1981இல் மீண்டும் தொடங்கிய அப்பயணம் 2020 முதல் ஐந்தாண்டுகள் நின்றுபோய் 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. லிபுலேக் வழியே செல்வோரை உயரத்தில் ஒருமுறை மீண்டும் சோதித்து, தகாதவரைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் உண்டு. பக்தர்கள் பலர் அதனைக் கொடுமை என்பர். முனிவர் வடிவில் வந்த சொல்லை இன்று மருத்துவர் சொல்கிறார் என்று கொள்வதில் பிழையில்லை. கோசாயிகுண்டத்திற்கு அத்தகைய வாயில்கள் இல்லை. நேபாளம் செல்ல இந்தியர்க்குக் கடவுச்சீட்டும் கட்டாயமன்று. நான்கைந்து நாள் நடை. கயிறும் பனிக்கோடரியும் வேண்டா. வழியெங்கும் தங்கும் விடுதிகள். புதியவர்க்கு உரிய பாதை என்று சொல்வது இதனால்தான். திருப்பி அனுப்புவார் எவரும் இல்லாத பாதை என்பதும் இதனால்தான்.

காத்மாண்டுவிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பேருந்துப் பயணத்தில் துன்சே என்னும் ஊர் வரும். மலைச்சரிவில் படிப்படியாய் வயல்கள், தகரக் கூரை வீடுகள், மாலையில் இறங்கும் மூடுபனி. இதன் உயரமும் ஏறத்தாழ 2,000 மீட்டர்தான். கிளென்மார்கனிலிருந்து சென்றவர் சொந்த ஊரின் உயரத்திலேயே நிற்கிறார். உடலில் எந்த மாற்றமும் தெரியாது. அங்கிருந்து முதல் நாள் ஏற்றம் சந்தன்பாரிக்கு. அது 3,330 மீட்டர். சிங்காராவிலிருந்து விஞ்ச் ஏறும் செங்குத்தை ஒருமுறை ஏறி, அதில் ஏறத்தாழப் பாதியை மறுபடியும் ஏறியதற்கு ஒப்பு. காடு அடர்ந்தது, தேவதாரு இனங்களும், காட்டுப் பூவரசு என்று இங்கே சிலர் சுட்டும் ரோடோடென்ட்ரான் மரங்களும் உள்ளன. அவலாஞ்சிச் சோலைகளில் செந்நிறப் பூவுடன் நிற்கும் அதே இனம் இமயத்திலும் நிற்பதைக் காணும்போது நீலகிரியார்க்கு உறவினரைக் கண்டது போலிருக்கும். சந்தன்பாரியில் ஒரு கோம்பாவும் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையும் உண்டு. அதற்குமேல் சோலாங்பாட்டி, பின்னர் 3,900 மீட்டரில் லௌரிபினா. மரங்கள் அதற்குள் நின்றுவிடும். லௌரிபினாவிலிருந்து பாதை மலை விலாவை ஒட்டிச் செல்லும். கீழே ஒரு குண்டம், அப்பால் இன்னொரு குண்டம், அதற்கப்பால் கோசாயிகுண்டம்.

மூவாயிரம் மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும்; மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். மலை மருத்துவத்தின் அடிப்படை விதி இவ்வளவே. உயிர்வளி குறைந்தவுடன் மூச்சு விரைகிறது. விரைந்த மூச்சால் குருதியின் காரத்தன்மை மிகுகிறது. அதனைச் சரிசெய்யச் சிறுநீரகங்கட்குச் சில நாட்கள் வேண்டும். சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரங்கள் ஆகும். இவ்வேலைகளை மனவுறுதியால் விரைவுபடுத்த இயலாது. 2,000 மீட்டரில் வாழ்வோர்க்குச் சிறிது சலுகை உண்டு. சமவெளியில் இறங்கி நாட்கணக்கில் தங்கிப் பயணம் செய்தால் அச்சலுகையும் கரையத் தொடங்கும்.

ஆவணி அவிட்டத்தோடு வரும் முழுநிலா நாளை நேபாளத்தில் ஜனை பூர்ணிமை என்பர். ஜனை என்பது பூணூல். அன்று பல்லாயிரவர் கோசாயிகுண்டத்தில் நீராடிப் புதிய பூணூல் அணிவர். தாமாங் பூசாரிகள் பறையடித்து ஆடிக்கொண்டே ஏறுவர். மழைக்காலம், மெல்லிய உடை, பலர்க்கு விரதம், குளிர்ந்த நீரில் முழுக்கு. பெரும்பாலோர் இரண்டொரு நாளில் 4,300 மீட்டருக்கு ஏறிவிடுகின்றனர். மருத்துவர் புத்த பஸ்நியாத் முதலியோர் அத்திருவிழாவில் ஏரிக்கரையிலேயே ஆய்வு செய்து 2000இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சோதிக்கப்பட்ட அடியார்களுள் மூன்றில் இரு பங்கினருக்கு உயர நோய் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் மூளை வீக்கத்தின் அறிகுறிகளே தென்பட்டன. அவ்வறிகுறியைக் கண்டறியும் முறை எளிது: தரையில் நேர்கோடு இட்டு, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் தொடுமாறு நடக்கச் சொல்வது. தள்ளாடினால் உடனே இறக்க வேண்டும். பாதம் தேய்ந்தது, கை தேய்ந்தது என்று சேக்கிழார் வரிசைப்படுத்தினார். இங்கே நடை தடுமாறுகிறது, பின்பு அறிவு தடுமாறுகிறது. அறிவு தடுமாறியவர் தமக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பார் என்பதுதான் இந்நோயின் கொடிய பகுதி. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் மற்றொரு வகையும் உண்டு. அதில் ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும்.

இமாலய மீட்புச் சங்கத்தார் அத்திருவிழா நாட்களில் அங்கே மருத்துவ முகாம் நடத்துகின்றனர். மருந்துகள் உள்ளன. அசிட்டசோலமைடு முன்கூட்டித் தடுக்க உதவும். டெக்சாமெத்தசோன் மூளை வீக்கத்தைச் சற்று நேரம் தணிக்கும். இவையெல்லாம் இறங்குவதற்குத் துணை. இறங்குவதற்கு மாற்று அல்ல.

அடியார் ஏன் இறங்க மறுக்கின்றனர்? மலையேற்றத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் தலைவலி வந்தால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பார். வேண்டுதல் வைத்தவர்க்கு அடுத்த ஆண்டு இல்லை. பிள்ளைப்பேறு, தீராத நோய், இறந்தவர்க்குச் செய்யும் கடன் என்று ஏதோ ஒன்றை நெஞ்சில் சுமந்து வருபவர் அவர். உடன் வந்தவர் முன்னே தளர்ந்தால் வேண்டுதலில் குறை என்று கருதுவர் என்னும் அச்சமும் சேர்ந்துகொள்ளும். தலைவலியை மறைப்பார். கயிலைநாதனைக் காணாமல் மீளேன் என்ற அப்பரின் மறுமொழி ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு மொழியில் இருக்கிறது. வானத்துக் குரல்தான் எல்லோர்க்கும் கேட்பதில்லை.

திரும்புதலும் அறியாது செய்தால் தீங்காகும். 1991 டிசம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ மாணவர் ஒருவர் இதே ஏரிப் பாதையின் மறுபக்கத்தில், லௌரிபினாக் கணவாய்க்குக் கீழே, பனி பொழியத் தொடங்கியதால் தனியே திரும்பினார். முடிவு அறிவுடையதே. ஆனால் பனி மூடிய பாதையைத் தவறவிட்டு, ஒரு பாறையடியில் 43 நாட்கள் கிடந்தார். சிறிதளவு சாக்லேட்டும் பனியுமே உணவு. 1992 பிப்ரவரியில் ஹெலிகாப்டரில் தேடியோர் அவரை உயிருடன் மீட்டனர். காசியில் துணைவரை விட்டுச் சென்ற அப்பரின் நிலையும் இதுவே. இறங்குபவருடன் துணையாக ஒருவர் இறங்க வேண்டும். அப்பொழுது அத்துணைவர்க்கும் ஏரி இல்லாமல் போகிறது. முதன்முறை செல்லும் குழுவினர் அந்தத் துணைவர் யார் என்பதைத் துன்சேயிலேயே பேசி முடிவு செய்துகொண்டால், லௌரிபினாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிற்கும் இழிநிலை நேராது.

ஏறாமலே வணங்கும் முறையும் இம்மலைக்குப் புதிதன்று. பைக்காரா ஆறு தோடர்களுக்குத் தெய்வம். 1906இல் தோடர்களைப் பற்றி நூல் வெளியிட்ட ரிவர்ஸ், அவர்கள் இவ்வாற்றைக் கடக்கும்போது வலக்கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து மரியாதை செய்வதைக் குறித்திருக்கிறார். நீரில் மூழ்க வேண்டும், ஊற்றுவரை சென்று பார்க்க வேண்டும் என்பதில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தால் போதும். அந்த ஆற்றின் நீரே குழாயில் இறங்கி விளக்கெரிக்கிறது என்பதை இவ்வூரார் நாள்தோறும் காண்கின்றனர்.

நேபாளத்தார் கோசாயிகுண்டத்திற்கு ஏற இயலாதவரை மறந்துவிடவில்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில், பாட்டன் நகரில், பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கும்பேஸ்வரர் ஆலயம் உள்ளது; ஐந்தடுக்குக் கூரை. அதன் குளத்து நீர் கோசாயிகுண்டத்திலிருந்து நிலத்தடி வழியே வருவதாக நம்பிக்கை. மலை ஏரியில் அடியார் ஒருவர் தவறவிட்ட நீர்க்கலம் இக்குளத்தில் மிதந்து வந்ததாம். கும்பேஸ்வரர் என்னும் பெயருக்கும் அக்கதையைக் காட்டுவர். நில இயலார் இதனை ஒப்பமாட்டார்கள். இருப்பினும் வடக்கே ஏரியில் விழுந்த கலம் கீழே குளத்தில் எழுந்த இக்கதையும், வடக்கே பொய்கையில் மூழ்கிய அப்பர் திருவையாற்றில் எழுந்த கதையும் ஒரே வடிவில் அமைந்திருப்பது வியப்புக்குரியது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று கொள்வதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. முதியோரும் நோயுற்றோரும் கைக்குழந்தை உடையோரும் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு ஏரி இறங்கி வந்தாக வேண்டும். இரு நாட்டாரும் அதற்கு நிலத்தடியில் ஒரு வழி வெட்டினர்.

திருவையாற்றில் அப்பர் கயிலைக்காட்சி ஆடி அமாவாசையன்று நடைபெறும். காவிரியில் நீத்தார் கடன் செய்ய வந்த கூட்டம் மாலையில் கோயிலை நோக்கித் திரும்பும். பெரும்பாலான ஆண்டுகளில் அதற்கடுத்து வரும் முழுநிலாவே ஜனை பூர்ணிமை. அன்று விடியற்காலையில் கும்பேஸ்வரர் குளத்தின் நடுவே மேடை அமைத்து, வெள்ளிக் கவசமிட்ட இலிங்கத்தை எழுந்தருளச் செய்வர். மேலே கோசாயிகுண்டத்தில் நீராடும் அதே நாளில், பாட்டனில் பாட்டிமார் படியிறங்கிக் குளத்து நீரைக் கையில் அள்ளுவர். சிறுவர்கள் நீருக்குள் குதிப்பர். பூணூல் மாற்றுவோர் வரிசையில் நிற்பர். மலையிலிருந்து பாதி வழியில் இறங்கி வந்தவர்களும் அந்த வரிசையில் நிற்கலாம்; எங்கிருந்து வருகிறீர் என்று அங்கே எவரும் கேட்பதில்லை.